சயாமுக்குப் போனவரின் பக்கம்

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்த பட்டறைக்குப் போயிருந்தேன். 'காட்சி நாட்குறிப்பு' என்று அழைப்பில் போட்டிருந்தார்கள். எழுத்து, ஓவியம், பழைய புகைப்படம், பஸ் டிக்கெட், துணி, நூல், காய்ந்த இலை என்று கைக்குக் கிடைப்பதையெல்லாம் ஒரே நோட்டில் ஒட்டியும் வரைந்தும் தைத்தும் நாட்குறிப்பு வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் பட்டறை. பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். ஆளுக்கொரு தடித்த நோட்டு, மேசை நிறைய பசை, கத்தரிக்கோல், வண்ணம். வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

நான் கொண்டுபோனது ஒரு பத்து வெள்ளி நோட்டு. ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு. அத்தை ஒரு பிஸ்கட் டின்னில் பிறப்புப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருந்தார். எங்கள் தாத்தாவின் அண்ணன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனபோது தம்பியின் கையில் கொடுத்துவிட்டுப் போன நோட்டாம் அது. போனவர் திரும்பவில்லை. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். படம் கிடையாது. கடிதம் கிடையாது. பெயர்கூட யாருக்கும் சரியாகத் தெரியாது. "சயாமுக்குப் போனவரு" என்றுதான் சொல்வார்கள்.

பட்டறை நடத்தியவர் என் மேசைக்கு வந்து, "இந்த நோட்டுக்குச் சொந்தக்காரரோட முகத்தைப் பக்கத்துல வரைஞ்சு பாருங்களேன்" என்றார். முகம் தெரியாது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கைப்பேசியில் தேடி, சயாம் ரயில் பாதைக் கைதி ஒருவரின் ஓவியத்தை எடுத்து, அங்கேயே அச்சடித்துக் கொடுத்தார். விலா எலும்பு எண்ணக்கூடிய உடம்பு. குழிவிழுந்த கண். "இத வெட்டி ஒட்டிக்கங்க. அந்த உணர்வு வந்துடும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் கத்தரிக்கோலை எடுத்தேன். ஆனால் வெட்ட முடியவில்லை. ஏன் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு சில மாதங்கள் தேடிப் படித்ததில்தான் காரணம் பிடிபட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

*

படமும் எழுத்தும் ஒட்டுவேலையும் கலந்த நாட்குறிப்பைப் பற்றிப் பேசினால் இன்று இரண்டு பெயர்கள் வந்துவிடும். ஒருவர் மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ. 1954இல் இறப்பதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அவர் வைத்திருந்த நாட்குறிப்பு 1995இல் அப்படியே அச்சில் வந்தது. உடம்பு ஒத்துழைக்காத நாள்களில் மையும் வண்ணமும் சொற்களுமாக அவர் தனக்குத்தானே பேசிக்கொண்ட பக்கங்கள் அவை. இன்னொருவர் டான் எல்டன். நைரோபியில் வளர்ந்த இளம் செய்திப் படக்காரர். 1993 ஜூலையில் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் கூட்டத்தால் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 22. அவர் விட்டுப்போன ஒட்டுவேலை நாட்குறிப்புகளிலிருந்து 1997இல் ஒரு நூல் வந்தது. அதைப் பார்த்து நோட்டு வாங்கிய இளைஞர்கள் உலகமெங்கும் உண்டு.

அன்றைய பட்டறையிலும் இவர்கள் இருவரையும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோது இது எங்கிருந்தோ வந்த கலை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் எண்பது வருடங்களுக்கு முன்பே, நம் வாசலில், சிங்கப்பூரின் சாங்கியில் இதைச் செய்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக அல்ல.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியப் பொதுமக்களைச் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் மறுபக்கம். ஒரே சிறைக்குள் இருந்தும் கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. அந்தப் பெண்களில் ஈத்தல் மல்வேனி என்ற கனடாக்காரர் ஒரு யோசனை சொன்னார். மருத்துவமனையில் இருக்கும் காயம்பட்டவர்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கலாம். ஆளுக்கு ஒரு சதுரத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தைத்து, பெயரையும் தைக்க வேண்டும்.

மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒன்று பிரிட்டிஷ்காரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியர்களுக்கு, ஒன்று ஜப்பானியர்களுக்கு. மூன்றாவது இருந்ததால்தான் மற்ற இரண்டும் வெளியே போக வழி பிறந்தது. காவலுக்கு நின்றவர்களுக்கு அது பூவும் வீடும் தைத்த போர்வை. மருத்துவமனையில் அதைத் தடவிப் பார்த்த கணவனுக்கு அது பெயர்ப் பட்டியல். இன்னார் உயிரோடு இருக்கிறார், ஊசி பிடிக்கும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறார் என்ற சேதி. இன்று இரண்டு போர்வைகள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இருக்கின்றன.

சிறைக்குச் சற்றுத் தள்ளி, போர்க்கைதிகளை வைத்திருந்த ராபர்ட்ஸ் பாசறையில் ஸ்டான்லி வாரன் என்ற சிப்பாய் வயிற்றுக்கடுப்பில் சாகக் கிடந்தார். கொஞ்சம் எழுந்து நடமாட முடிந்தபோது, நோயாளிகள் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளச் சிற்றாலயச் சுவரில் படம் வரைந்து தர முடியுமா என்று கேட்டார்கள். வண்ணம் ஏது? கூட இருந்தவர்கள் திருடியும் தேடியும் கொண்டுவந்தார்கள். ராணுவ வண்டிகளுக்கு அடிக்கும் மறைப்புச் சாயம், கொஞ்சம் வெள்ளை. நீலத்துக்கு பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் கோல்முனையில் தேய்க்கும் சுண்ணக்கட்டியை இடித்துப் பொடியாக்கினார்கள். 1942 கிறிஸ்துமஸுக்குள் முதல் சுவரோவியம் முடிந்தது. மொத்தம் ஐந்து. பிறகு யாரோ அவற்றின்மேல் வெள்ளையடித்துவிட, 1958இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். வாரனே பின்னாளில் மூன்று முறை சிங்கப்பூர் வந்து அவற்றைச் சீர்செய்தார்.

சாக்கு, பிரித்தெடுத்த நூல், வண்டிச் சாயம், ஆட்டத்துச் சுண்ணம். நம் பட்டறை மேசையில் கடையில் வாங்கி அடுக்கிவைத்த பொருள்கள், அங்கே உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்தவை.

*

இனி சயாமுக்கு வருவோம்.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். மலையும் காடும் ஆறுமான அந்த வழியில் ஜப்பானிய ராணுவம் 1942இன் நடுவில் வேலையைத் தொடங்கி 1943 அக்டோபரில் பாதையை முடித்தது. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000க்கும் அதிகமானோர் செத்தார்கள்.

அந்தக் கைதிகளுக்கு நாட்குறிப்பு வைக்கத் தடை. படம் வரைந்தால் அடி, சில சமயம் அதைவிட மோசம். இருந்தும் வரைந்தார்கள். ரொனால்ட் சேர்ல் சிங்கப்பூரில் பிடிபட்டபோது அவருக்கு 21 வயது. பகலில் பாறை உடைத்துவிட்டு, கிடைத்த துண்டுத் தாளில் இரவில் வரைந்தார். வரைந்தவற்றைக் காலரா கண்டு செத்துக்கொண்டிருந்தவர்களின் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்தார். காவலர்கள் காலராவுக்குப் பயந்து அங்கே கை வைக்கமாட்டார்கள். அப்படித் தப்பிய படங்கள் பெருமளவில் பின்னர் லண்டனின் போர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1986இல் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார்.

ஜேக் சாக்கரின் படங்களை ஒருமுறை காவலர்கள் கண்டுபிடித்துக் கிழித்தெறிந்து, அவரையும் அடித்துத் துவைத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மூங்கில் குழாய்க்குள் சுருட்டி மண்ணில் புதைத்தார். அத்தாப்புக் கூரையில் செருகினார். கால் இழந்தவர்களின் பொய்க்காலுக்குள்கூட ஒளித்தார். முகாம் மருத்துவர்களுக்காகப் புண்ணையும் அறுவையையும் மூங்கிலில் செய்த மருத்துவக் கருவிகளையும் வரைந்து கொடுத்தார். லியோ ராலிங்ஸ் தன் தலைமுடியிலேயே தூரிகை கட்டிக்கொண்டார். களிமண்ணும் செடிகளின் சாறும் அவருக்கு வண்ணம்.

இவர்கள் யாரும் 'உணர்வு' வருவதற்காக வரையவில்லை. ஒரு நாள் யாராவது "அப்படியெல்லாம் நடக்கவில்லை" என்று சொன்னால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று வரைந்தார்கள். ஒவ்வொரு கோடும் சாட்சி. பெரும்பாலும் யாருக்காகச் சாட்சி? பக்கத்துப் பாயில் படுத்திருந்த தன் தோழனுக்காக.

என் கையில் இருந்த அச்சுப் பிரதி அப்படி ஒரு தோழனின் முகம்தான். அவனுக்கு ஒரு படைப்பிரிவு இருந்தது. ஒரு எண் இருந்தது. எங்கோ ஓர் ஊரில் அவனுக்காகக் காத்திருந்த அம்மா இருந்திருப்பாள். அவன் சாவதைப் பார்த்து ஒருவன் உயிரைக் கொடுத்து வரைந்திருக்கிறான். அந்த முகத்தை வெட்டி எங்கள் பெரிய தாத்தாவின் கழுத்துக்கு மேல் ஒட்டினால், ஒரே வெட்டில் இரண்டு பேரை அழித்ததாகிவிடும்.

*

அப்படியானால் எங்கள் பெரிய தாத்தாவை ஏன் யாரும் வரையவில்லை?

அந்தப் பாதையில் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். 180,000க்கும் மேல் என்பது குறைந்தபட்சக் கணக்கு. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், இவர்களோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள். இவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தார்கள் என்று பரவலாக மதிப்பிடுகிறார்கள். கைதிகளின் சாவைப் போல ஏழு மடங்கு.

போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய், தோட்டங்களில் வேலை இல்லை. அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று, துணி இல்லாமல் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னபோது ஆள்கள் தாங்களாகவே போனார்கள். போனவர்கள் திரும்பாதபோது மற்றவர்கள் மறுத்தார்கள். பிறகு ஆள் பிடித்தார்கள். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்தார்கள். பெரட்டுக்களத்தில் நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைச் சாத்திப் பிடித்த கதைகளும் உண்டு.

போர்க்கைதிகளின் துன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துன்பத்துக்குள்ளும் அவர்களிடம் சில விஷயங்கள் இருந்தன. படை ஒழுங்கு இருந்தது. பெயர்ப் பட்டியல் வைக்க அதிகாரி இருந்தார். மருத்துவர் இருந்தார். செத்தவனை எங்கே புதைத்தோம் என்று குறித்துவைக்க ஒருவர் இருந்தார். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது, தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளை போட ஓர் ஆள் இருந்தார். தமிழர்களிடம் இவை எதுவும் கிடையாது. வெவ்வேறு தோட்டங்களிலிருந்து பிரித்துப் போட்டவர்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போயிருந்தார்கள். கங்காணிக்கும் கிராணிக்கும் கீழே வேலை செய்தே பழகியவர்களுக்கு அங்கே அந்தக் கிராணியும் இல்லை. காலரா வந்ததும் முகாம் முகாமாக அழிந்தார்கள்.

இதன் விளைவை இன்று காஞ்சனபுரியில் நேரில் பார்க்கலாம். ஊருக்கு நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர். வெட்டிய புல், வரிசை வரிசையாகக் கல், பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும். போர் முடிந்த சில வாரங்களில், கைதிகள் வைத்திருந்த குறிப்புகளின் உதவியோடு பாதை நெடுகத் தேடிச் சேர்த்த உடல்கள் அவை. ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படித் தேடக் குறிப்பு இல்லை. 1990இல் அதே ஊரில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. யார் எவர் என்று சொல்ல எவரும் இல்லை.

படம் வரைவதற்குத் திறமை மட்டும் போதாது. தாள் வேண்டும். வரைந்ததை ஒளித்துவைக்கத் தோழர்கள் வேண்டும். கடைசியில், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ள ஓர் அருங்காட்சியகம் வேண்டும். நம் ஆள்களுக்குக் கை இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

அந்தக் குறையை நம் எழுத்தாளர்கள் கொஞ்சம் நிரப்பினார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்களை இன்னும் படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டும். நாவல் முகங்களைக் கற்பனை செய்யலாம். அது நாவலின் உரிமை. ஆனால் நாட்குறிப்பு வேறு. இது நடந்தது, நான் பார்த்தேன், இது என்னிடம் இருக்கிறது என்று சொல்வதுதான் நாட்குறிப்பு. தெரியாத முகத்தை அதில் தெரிந்த மாதிரி ஒட்டினால் அது பொய்ச்சாட்சி.

*

ஒரு மறுப்பு எழலாம். "அப்படிப் பார்த்தா நம்ம பக்கம் காலியாவே இருக்குமே? ஒண்ணுமே இல்லாம போறதுக்கு, ஏதாவது ஒரு படம் இருந்தா பரவாயில்லையே?" பட்டறையில் பக்கத்தில் இருந்த தம்பி இதைத்தான் கேட்டான். நியாயமான கேள்வி. மறக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல.

ஆனால் வெற்றிடமும் ஒரு தகவல். அங்கே ஏன் படம் இல்லை என்று கேட்கவைக்கிறது. வேறொருவரின் முகத்தை ஒட்டியதும் அந்தக் கேள்வி நின்றுவிடும். பார்ப்பவர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்.

நான் அந்த அச்சுப் பிரதியை மடித்து நோட்டின் கடைசியில் வைத்தேன். சேர்லின் பெயரை அதன் பின்னால் எழுதினேன். வீட்டுக்கு வந்து, அரிசிக் கடையில் ஒரு பழைய கோணிச்சாக்கு கேட்டு வாங்கி, உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் வெட்டினேன். சாங்கிப் பெண்கள் தம் பெயரைத் தைத்தார்கள். எனக்குப் பெயர் தெரியாது. அதனால் தெரிந்ததை மட்டும் சிவப்பு நூலில் தைத்தேன்: 'சயாமுக்குப் போனவரு.' எங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே. வாழைமர நோட்டை எதிர்ப்பக்கத்தில், பசை போடாமல், நான்கு மூலையிலும் காகித முக்கோணம் வைத்துச் செருகினேன். அதன் கீழே அத்தை சொன்ன ஒரே ஒரு வாக்கியம். நடுவில் முகத்துக்கு ஒரு கட்டம் போட்டு, அதைக் காலியாக விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தையலைத்தான் பார்த்தார். "என்னாடா இது, கோணக் கோணையா தச்சிருக்க" என்றார். சாக்கின் மேல் விரலை வைத்துத் தேய்த்தார். காலிக் கட்டத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தீவாளிக்கு மொத நாளு படையல்ல ஒரு எலை கூடுதலா போடுவோமே, தெரியுமா?"

தெரியும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். தாத்தாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, ஓரத்தில் இன்னொன்று. அந்த ஓரத்து இலையில் சோறு, கறி, ஒரு துண்டு, அதோடு ஒரு சுருட்டு இருக்கும். எங்கள் வீட்டில் யாரும் சுருட்டுப் பிடிப்பதில்லை. ஏதோ சாமிக்கு வைப்பது என்று நினைத்திருந்தேன். கேட்டதே இல்லை.

"அது அவருக்குத்தான். சுருட்டுன்னா உசிராம் அவருக்கு. எங்கப்பா கடைசி வரைக்கும் வைக்காம விட்டதில்ல. அப்பா போனதுக்கப்புறம் நான் வைக்கிறேன்."

அவ்வளவு வருடங்களாக என் கண் முன்னால் இருந்திருக்கிறது. வாழையிலை, துண்டு, சுருட்டு. ஆண்டுக்கு ஒருமுறை விரித்து, ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிடுகிற ஒரு பக்கம். தாளும் அருங்காட்சியகமும் இல்லாதவர்கள் தம் ஆளைக் குறித்துவைத்த விதம். அதைப் படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இலையோ, டின்னோ, யாரும் உட்காராத நாற்காலியோ இருக்கலாம். நோட்டு வாங்குவதற்கு முன்னால் அதைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

அத்தை நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஏதோ நினைத்தவராக மறுபடி வாங்கித் திறந்து, காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுல ஒண்ணும் வரைஞ்சிடாத" என்றார்.